வலப்பக்கம் திரும்பாத விசிறி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. கிடைத்தது என்பது அரைப் பொய். என் கன்னத்தில் வந்து பட்டது.

வரதராசன்பேட்டை. பகல் பன்னிரண்டு மணி வெயில். இறந்துபோன அம்மாளின் தலைமாட்டுக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை அலையலையாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு காற்று வந்து கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. சுகமாக இருந்தது, கண்ணுகளா. கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் மூடிய நேரத்தில்தான் தலைமாட்டு மெழுகுவர்த்தி அணைந்தது.

ஏற்றியவள் இறந்தவரின் மகள் அமலோற்பவமேரி. அரியலூரில் டீச்சர். தாயோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அணைந்தது. அவளுடைய அண்ணி தீப்பெட்டியை வாங்கி ஏற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அண்ணி ஏற்றிய சுடர், பெட்டி தூக்கும்வரை ஆடாமல் நின்று எரிந்தது.

"பாத்தீங்களா," என்றாள் அமலோற்பவமேரி, யாரிடம் என்றில்லாமல். "நான் ஏத்துற வெளிச்சம் அம்மாவுக்கு வேணாமாம்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்த மேசை விசிறி என் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது. அந்தத் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் அந்த விசிறிதான் வரும். இடது பக்கம் போகும், நடுவுக்கு வரும், 'டக்' என்று நிற்கும், திரும்பிப் போய்விடும். மெழுகுவர்த்தி இருக்கிற வலப்பக்கம் அது வந்து நான் பார்த்ததேயில்லை. ஒருநாளும் வராத விசிறியை யார் சந்தேகப்படுவார்கள்?

2

ஆக, யாரோ அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் ஒருத்தியை உண்டாக்குகிறேன்.

[மலர்க்கொடி கடையைத் திறந்தபோது வானம்… வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.]

[மலர்க்கொடியின் கணவர் இறந்த பிறகு அவள்… இதுவும் வேண்டாம். பெண்பிள்ளை ஒரு தொழில் கற்றுக்கொள்ள யாராவது சாகத்தான் வேண்டுமா?]

மலர்க்கொடிக்கு ஐம்பது வயது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் காலையில் பெரியவர் தேவசகாயம் ஒரு சாக்கை இறக்கி வைத்தார். உள்ளே பித்தளை இறக்கை, இரும்பு அடி, மேலே சிமெண்ட் லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதி.

"ஜெயங்கொண்டத்துல கேட்டாச்சு, அரியலூர்ல கேட்டாச்சு. பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கறாங்கம்மா."

"பேரீச்சம்பழக்காரனும் வாங்க மாட்டான் பெரியவரே. அவன் சைக்கிள் தாங்காது. என்ன பண்ணுது?"

"சுத்துது. நடுவுல மூச்சு வாங்குது."

"உங்கள மாதிரியேன்னு சொல்லுங்க. யாரு வூட்டு ஃபேனு?"

தேவசகாயம் சாக்கை மடிக்கத் தொடங்கினார். சாவு வீட்டுச் சாமான் என்றால் எத்தனை பேர் தொடுவார்கள்?

"எங்க வூட்டுதுதான்," என்றார்.

மூன்று நாள் அந்த விசிறியோடு கிடந்தாள். காயிலைப் பிரித்துக் கட்டினாள். புஷ் மாற்றினாள். கல்லாகிப்போன கிரீஸைச் சுரண்டினாள். இறக்கையைப் புளி போட்டுத் தேய்த்தபோது அதில் அவள் முகம் மஞ்சளாக மிதந்தது. கடைசியில் கழுத்தைத் திறந்தாள். திரும்புகிற மூட்டுக்குள் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு மர ஆப்பு* செருகியிருந்தது.

"எந்தப் படுபாவி பார்த்த வேலைடா இது," என்றபடி அதைப் பிடுங்கி ஸ்குரூ டப்பாவில் போட்டாள். விசிறி முழு வீச்சுக்குத் திரும்பியது. அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். காற்று போனது, வந்தது. சின்ன வயசில் ஆற்றுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்ததுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

(என்னைப் போலவே மூடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.)

* அந்த ஆப்பில் மெழுகு வாசனை இருந்தது. முகர்ந்து பார்த்தவள், வழுக்குவதற்காக யாரோ தடவியது என்று நினைத்துக்கொண்டாள். பெரியவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்ல வேலைக்காரர்களுக்கு இது ஒரு குறை. கோணலாக எதைப் பார்த்தாலும் நிமிர்த்திவிடுவார்கள்.

3

வரதராசன்பேட்டை அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, அதே சாக்கோடு தேவசகாயம் வந்தார்.

"ஏம்மா, இதுல ஒரு ஆப்பு இருந்துச்சே?"

"இருந்துச்சு. எடுத்துட்டேன். அதான் இப்ப அழகா திரும்புதே!"

"திரும்பக்கூடாதுன்னுதாம்மா எங்கப்பா வெச்சாரு."

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். இறந்தது அவருடைய அக்கா. அணைந்தது அக்கா மகள் ஏற்றிய மெழுகுவர்த்தி. மலர்க்கொடியின் கை ஸ்குரூ டப்பாவுக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவ. கொஞ்சம் அழட்டும்."

"செத்தவங்க கோவமாப் போயிட்டாங்கன்னு அவங்க காலம் பூரா நெனைச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"

"நீ ஆப்பை மாட்டிக் குடும்மா. அடுத்த சாவு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்."

மலர்க்கொடி வேறொரு ஆப்பு சீவி மாட்டிக் கொடுத்தாள். பழையதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

4

இனிமேல்தான் எனக்குக் கை ஓடவில்லை.

ஒரு முடிவு: மலர்க்கொடி அரியலூருக்குப் போய் ஆப்பைக் காட்டுகிறாள். டீச்சர் அழுதுகொண்டே சிரிக்கிறாள். இதை எழுதிப் பார்த்தேன், பஞ்சுமிட்டாய்போல வாயில் கரைந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

இன்னொன்று: டீச்சர் கேட்கிறாள். "காத்துதான் அணைச்சுதுன்னா, அம்மா என்னை மன்னிச்சுட்டாங்கன்னு அர்த்தமா?" இதை அடிக்க மனம் வரவில்லை.

மூன்றாவது: மலர்க்கொடி டீச்சர் வீட்டு கேட்வரை போகிறாள். கொண்டியில் கையை வைக்கிறாள். எடுத்துவிடுகிறாள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள்.

இந்த மூன்றாவதை நான் எழுதவில்லை, கண்ணுகளா. நடந்தது. கொண்டியில் வைத்த கை என்னுடையது. 'அங்கேயே உட்கார்ந்திருந்தீங்களே, அப்பவே ஏன் சொல்லலை?' என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? காற்று சுகமாக இருந்தது என்றா? அதற்கு முகமில்லாமல்தான் ஒரு மலர்க்கொடியைப் படைத்து, அவள் முந்தானையில் ஆப்பைக் கட்டி, எனக்குப் பதிலாக அனுப்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் போலவே திரும்பி வருகிறாள்.

திரும்ப விடமாட்டேன். அவளை அந்த கேட்டிலேயே நிறுத்தி வைக்கிறேன். வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முந்தானை முடிச்சு படபடக்கிறது.

அமலோற்பவமேரி டீச்சர், நீங்கள் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதுவும் கிடைத்தால்: உங்கள் அம்மாவின் மனசு எனக்குத் தெரியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும். அது என் கன்னத்தைத் தாண்டித்தான் உங்கள் சுடருக்கு வந்தது. கல்லறைக்குப் போய் ஒன்று ஏற்றுங்கள். வெட்டவெளிதானே, அங்கேயும் அணையும். கையைக் குவித்துக்கொண்டு மறுபடி ஏற்றுங்கள்.

அதற்கு முன்னால், வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். யாரென்று கேளுங்கள்.