இரண்டரை மணிக்கூர்

அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வருவானா மாட்டானா என்பதுதான் அக்டோபரிலிருந்து எங்கள் குழித்துறை வீட்டில் ஓடிய ஒரே பேச்சு. போன வருஷமும் அவன் வரவில்லை. இந்த வருஷம் கண்டிப்பாக என்றவன், லீவு கேட்டிருக்கிறேன் என்றான். பிறகு மேனேஜர் மாறிவிட்டார் என்றான். அப்புறம் பார்ப்போம் என்றான். அம்மா நேசபாய்க்கு அவன் சொல்லும் ஒவ்வொன்றும் வேதவாக்கு. எனக்கு அப்படியில்லை. அண்ணன் ஆபேலுக்கு வர மனசில்லை, ஷார்ஜாவின் ஏசி காற்று பிடித்துப்போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாள் போனில் அவனிடம் கேட்டும்விட்டேன்.

"அம்மைக்க மொகத்த போட்டோவுல பாத்தாப் போரும் ஒனக்கு, இல்லியா?"

அவன் சிரித்து மழுப்பினான். எனக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

அந்த எரிச்சலோடு எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. கொச்சியில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மீதி நேரத்தை நானும் சேர்ந்து எழுதும் ஒரு மென்பொருள் தின்றுவிடும். வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் செய்கிற வேலையைக் கணினி நிரலைக் கொண்டு செய்யும் ஏற்பாடு அது. கணினியில் செருகும் விரல் நீள டாங்கிள் ஒன்று, ஓர் ஆன்டெனா, ஒரு கணினி போதும். மேலே போகும் வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை நாமே பிடித்துக்கொள்ளலாம். நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். குறை சொல்வதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இருந்ததில்லை.

இந்த மென்பொருளை வைத்துப் படம் பிடிக்கும் எங்கள் நிலையங்களில் கன்னியாகுமரியில் இருந்ததைத்தான் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது ஜாஸ்மி மைனி வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. ஆபேலின் மனைவி அவள். அங்கே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. தாய்வீட்டார் கொடுத்த மனையில் கட்டிய வீடு, கடல் பக்கம். தெற்கே ஒரு தென்னை மரம்கூட மறைக்காது. செயற்கைக்கோள் கடலுக்குமேல் தலைநீட்டும்போதே பிடித்துவிடலாம். அண்ணன் விட்டுப்போன மடிக்கணினியில் என் நிரலைப் போட்டு வைத்திருந்தேன். செயற்கைக்கோள் வரும் நேரத்தை அதுவே கணக்கிட்டு, அந்த நேரத்தில் பதிவு செய்து, ராத்திரி எல்லாவற்றையும் மொத்தமாக எனக்கு அனுப்பிவிடும். மைனி அதை அணைக்காமல் வைத்திருந்தால் போதும்.

ஆகஸ்ட் கடைசி வரை படங்கள் கண்ணாடி போல வந்தன. பிறகு திடீரென்று நின்றுபோயின. பதிவு நடக்கிறது, கோப்பு வருகிறது, உள்ளே வெறும் இரைச்சல். அதே வாரம்தான் நான் நிரலில் பெரிய மாற்றம் ஒன்று செய்திருந்தேன். கேட்க வேண்டுமா? என்னோடு சேர்ந்து இந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் செக் நாட்டுக்காரர், மிக மரியாதையாக, என் மாற்றத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதினார். நான் ஒவ்வொரு வரியாகப் பழையபடி மாற்றிப் பார்த்தேன். இரைச்சல் போகவில்லை. அதே சமயம் பிரேசிலிலும் கென்யாவிலும் இருந்த நிலையங்களில் அதே நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரி மட்டும்தான் தகராறு.

அப்படியென்றால் நிரலில் பிழையில்லை, பிழை மாடியில் இருக்கிறது என்று எனக்குத் தெம்பு வந்தது. கன்னியாகுமரி உப்புக்காற்று கதவுத் தாழ்ப்பாளையே தின்றுவிடும். ஆன்டெனா வயரின் முனை எம்மாத்திரம்? மைனியைப் போனில் பிடித்தேன்.

"துணி காயப்போடப் போயி ஆன்டெனாவத் தட்டிவிட்டியளா மைனி?"

"நான் அந்தப் பக்கமே போகல்ல மக்கா."

"பின்ன வயரு தன்னால கெட்டுதா?"

புது வயரும், முனைகளைச் சுற்றி ஒட்ட ரப்பர் டேப்பும் வாங்கி பார்சலில் அனுப்பினேன். லாட்ஜ் வேலை முடிந்து வந்து, பாவம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, நான் வீடியோவில் அதட்ட அதட்ட மைனியே எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. அன்றைக்கும் இரைச்சல்தான் வந்தது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம் என்று தோன்றியது. செயற்கைக்கோளை விட்டுவிட்டு, நாகர்கோவில் வானொலியின் எஃப்எம்மைப் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொன்னேன். ஆன்டெனா, வயர், டாங்கிள் மூன்றும் நன்றாக இருந்தால் அது கணீரென்று கேட்கும். "வேலை முடிஞ்சு வந்ததும் அந்தப் பச்சப் பொத்தான அமத்துங்க" என்றேன். மைனி சொன்னபடி செய்தாள். கோப்பு வந்தது.

கணீரென்றுதான் கேட்டது. பாட்டின் கடைசி அடி, பிறகு அறிவிப்பாளர்: "நேரம் மாலை ஆறு மணி முப்பது நிமிடம்." அதைத் தொடர்ந்து மாநிலச் செய்திகள். மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்புறம் என்ன கேடு என்று யோசித்தபடியே கோப்பை எடுத்து வைக்கப் போனவள், அதன் பெயரைப் பார்த்தேன். பதிவு தொடங்கிய நேரம் பெயரிலேயே இருக்கும். மாலை நான்கு மணி என்று போட்டிருந்தது. நான்கு மணிக்கு மைனி லாட்ஜில் அல்லவா இருப்பாள்?

மடிக்கணினியின் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. கடிகாரம் தப்பு என்றால் செயற்கைக்கோள் வரும் நேரமும் தப்பாகத்தானே கணக்காகும்? அது வந்து போய் வெகுநேரம் ஆன பிறகு, காலி வானத்தை என் நிரல் நாள் தவறாமல் பதிவு செய்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைனி அண்ணன் ஊர் நேரத்தை வைத்திருக்கிறாள்! கல்ஃபில் ஆள் இருக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்குகிற மாவட்டம் இது. நல்லா கேலி செய்ய வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்றால் ஒன்றரை மணி நேரம் குறைக்க வேண்டும். ஆறரைக்கு ஐந்து மணி காட்ட வேண்டிய கடிகாரம் நான்கு காட்டுகிறது. இரண்டரை.

மைனிக்குக் கணக்கு தப்பாது. லாட்ஜில் நாள் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. இரண்டரை என்றால் சவுதி, குவைத், கத்தார். ஆனால் அங்கே எங்காவது வேலை மாறியிருந்தால் அம்மா சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாள். மறைக்க ஒரு காரணமும் இல்லை. அந்த இரண்டரையில் மறைக்க வேண்டிய நாடு ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருந்தது. அம்மாவின் தம்பி யோவான் மாமா ஈராக்குக்கு வேலைக்குப் போய்ப் பெட்டியில் வந்தவர். டிவியில் அந்த நாட்டின் பெயர் வந்தாலே அம்மா சேனலை மாற்றிவிடுவாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்ஆப்பில் பேச முடியாது என்று அண்ணன் வேறொரு செயலியில்தான் கூப்பிடுவான். கொஞ்ச நாளாக வாட்ஸ்ஆப்பிலேயே வருகிறான். இப்போது அங்கே விட்டுவிட்டார்கள் என்று அவன் சொன்னதை நாங்கள் நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், நிலையத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மைனி சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மைனி, அண்ணன் எங்க?"

"எங்க… ஷார்ஜாவுலதான்."

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். மைனி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மையிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீங்க மொதல்ல எனக்கிட்ட சொல்லுங்க."

"ஷார்ஜா கம்பெனியப் பூட்டிட்டான் மக்கா. வெறுங்கையோட வரமாட்டேண்ணு ஒரே பிடி. ஈராக்குல பாஸ்ரா பக்கம் எண்ணெய் வயலுக்கு ஆளெடுத்தாவ, போயாச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் சொல்லப்பிடாதுண்ணு எனக்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

"கடிகாரத்த என்னத்துக்கு மாத்துனிய?"

"அங்க இருட்டினா எனக்குப் பயம். வேல முடிஞ்சு ரூமுக்கு வந்திருப்பாவளா இல்லியாண்ணு எப்பளும் அதே நெனப்பு. ஒவ்வொரு நேரமும் கணக்குப் போட்டுப் பாக்க மனசுக்கு ஏலல்ல. கடிகாரத்துல கண்ணு போனா ஒடனே தெரியணும்."

ஊர் நேரத்தை மாற்ற மடிக்கணினியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் திரையில் தெரியும் நேரம் மட்டும் மாறும். கணினி உள்ளே வைத்திருக்கும் உலக நேரம் பிசகாது. என் நிரலும் கெட்டிருக்காது. அதைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன்.

"அந்த லிஸ்ட்டப் பாத்தேன். அதுல பாக்தாத்துண்ணு பேரு கெடக்கும். நீ எப்பம் வந்து தொறந்து பாப்பியோண்ணு பயந்து, கையால திருப்பி வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல், மைனி மேல், கடைசியில் என் மேல். அவன் ஷார்ஜாவை விட்ட தேதியை மைனி சொன்னாள். அதற்கு மறுநாள்தான் முதல் இரைச்சல் கோப்பு வந்தது. என் அண்ணன் ஊர் மாறிய செய்தி அன்றைக்கே என் கைக்கு வந்துவிட்டது. நான் அதற்குள் என் நிரலின் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது மடிக்கணினித் திரையிலேயே அண்ணனின் அழைப்பு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவான் போல. மைனி கை நீட்டுவதற்குள் நான் எடுத்துவிட்டேன். பின்னால் ஒரு திரைச்சீலை மட்டும் தெரிந்தது. முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, நீ எப்பம் வந்த?" என்றான்.

"மத்தியானம். அண்ணா, அங்க இப்பம் மணி என்ன?"

அவன் கண் ஒரு பக்கம் போய் வந்தது. உதடு லேசாக அசைந்தது.

"மூணாகப் போவுது."

மூலையில் இருந்த கடிகாரம் இரண்டாகப் போகிறது என்று காட்டியது. திட்டுவதற்காக வழியெல்லாம் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன்.

"ஒனக்க கணக்குல ஒரு மணிக்கூர் கூடுதல் அண்ணா," என்றேன்.

அவன் என் தோளுக்குப் பின்னால் மைனியைத் தேடினான். அவள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வருவியா மாட்டியா? உள்ளதச் சொல்லு."

"பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில கெடக்கு. வருஷம் முடியாமத் தரமாட்டான். எனக்கு வர மனசில்லண்ணா நெனச்ச?"

"ஆமா. அப்பிடித்தான் நெனச்சேன்," என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"செரி, கெடக்கட்டு. அழாத," என்றான். "அம்மையிட்ட மட்டும் சொல்லிராத. மாமாவுக்குப் பொறவு அது தாங்காது." இடைவேளை முடிந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

கடிகாரத்தைச் சரிசெய்ய மைனி எழுந்து வந்தாள். வேண்டாம் என்றேன். கணினியின் கடிகாரத்தை நம்பாமல், இணையத்திலிருந்து உலக நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி நிரலை அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். அதிகம் போனால் பத்து வரி. அரை மணியில் வந்த செயற்கைக்கோள் முழுப் படத்தையும் கொடுத்தது. கேரளக் கரை, நம் முனை, இலங்கை, தெற்கே ஒரு கட்டு மேகம். செக் நாட்டுக்காரருக்குப் படத்தை அனுப்பினேன். கடிகாரம் எப்படி அவ்வளவு பிசகியது என்று உடனே கேட்டார். வீட்டுக்காரர் தன் தேவைக்கு மாற்றி வைத்திருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிடாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள்.

"அவன் விளிச்சானா? வருவானா?"

"லீவு இல்லியாம் அம்மா. வரணும்ணு கெடந்து துடிக்கான். அடுத்த வருஷம் கண்டிப்பா வருவான்."

அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அங்க இப்பம் மணி என்னட்டி இருக்கும்? ரூமுக்கு வந்திருப்பானா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை. இரண்டரையைக் கழித்தேன், ஒன்றைக் கூட்டினேன்.

"ஏழும்மா," என்றேன். "வந்திருப்பான்."