பதினேழாம் எண் வீடு நீங்கலாக

நகராட்சிப் பதிவேட்டில் எழுதியிருந்தபடியே, நிலநடுக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தொடங்கியது; பிறகு ஒன்பது நாட்கள் நிற்காமல் நடந்தது. எழுதியவள் பேரிடர்ப் பிரிவு கிளார்க்கம்மா. அன்றைக்கு நடக்க வேண்டியது வெறும் ஒத்திகைதான். ஒத்திகை நாளில் காலையிலேயே படிவத்தை நிரப்பி வைத்துவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். சைரன் ஊதிய கையோடு எல்லோரும் டீ குடிக்கப் போகலாம் அல்லவா? ‘அவசரத் திட்டம் அமலுக்கு வந்த நேரம்: 11.10. திட்டம் அமலில் உள்ளவரை உயிரிழப்பு: இல்லை’ என்று முத்து முத்தாக எழுதியவள், ‘விலக்கப்பட்ட நேரம்’ என்ற கட்டத்தை மட்டும் விட்டுவைத்தாள். அதற்கு ஆணையரின் கையெழுத்தும் வேண்டும். ஆணையரோ பன்னிரண்டுக்கு முன் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பூமி அந்தப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இரும்பு அலமாரிகள் வராந்தாவுக்கு நடந்து வந்தன, சந்தையின் கூரை உட்கார்ந்தது, பம்பு ஹவுஸ் மண்ணோடு மண்ணானது. ஒருவரும் சாகவில்லை. தண்ணீர்த் தொட்டி தலைமேல் விழுந்த ஓட்டல்காரர் சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்து, அடுப்பை அணைத்தாச்சா என்று கேட்டார்.

அந்தக் கட்டத்தில் நேரம் போடாதவரை ஆட்டம் நிற்காது என்று மூன்றாம் நாள் ஊருக்கு விளங்கிவிட்டது. ஆணையர் தூணுக்குத் தூண் தாவி வந்து பேனாவை நீட்டினார்.

“ஏம்மா, சட்டுபுட்டுனு நேரத்தைப் போடு. சனங்க தவழ்ந்து போறாங்க.”

“எங்க வீட்டுக்காரர் பம்பு ஹவுஸுக்கு அடியில கெடக்காரு சார். விலக்கிட்டா, உயிரிழப்பு இல்லைங்கறதும் அதோட முடிஞ்சிடும்.”

அவள் கணவர் பம்பு ஆபரேட்டர். ஆணையர் பேனாவை மூடிக்கொண்டு தானும் மண்வெட்டி எடுத்தார். தோண்டத் தோண்டக் குழி சரிந்தது. எட்டாம் நாள் ஏரிக்கரையில் விரிசல் விட்டது. நாளை சாயங்காலத்தைத் தாண்டாது என்றார் பொறியாளர். அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்தது. “சாக மாட்டோம், சரி. அதுக்காகத் தண்ணிக்கு அடியில குடித்தனம் பண்ணுவோமா?” என்று ஓட்டல்காரர் கத்தினார். கிளார்க்கம்மா பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி அழுதாள். அவர்கள் சொல்வது நியாயம் என்று தெரிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் அவள் கணவரை வெளியே எடுத்தார்கள். மார்பு தட்டையாகியிருந்தது, கண் விழித்திருந்தது. டாக்டரம்மா மூன்று முறை கேட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

“துடிப்பே இல்லம்மா. அந்தப் படிவம்தான் இவரைப் பிடிச்சு வெச்சிருக்கு. விலக்கினா அந்த நிமிஷமே போயிடுவாரு.”

“போட்டுரு,” என்றார் கணவர். “எனக்காக ஊரே ஆடணுமா?”

கரை பிளக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று ஆள் வந்து சொன்னான். அவள் பேனாவைத் திறந்தாள். பதினோரு வருடங்களாக அந்தப் படிவத்தை நிரப்பியவள், ஒருநாளும் படித்ததில்லை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தாள், பின்பக்கத்தையும் திருப்பினாள். ‘விலக்கலை வார்டு வாரியாகவோ, தெரு வாரியாகவோ, வீடு வாரியாகவோ செய்யலாம்’ என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

அவரைக் கட்டிலோடு தூக்கித் தங்கள் வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள். பிறகு எழுதினாள்: ‘விலக்கப்பட்ட நேரம்: 3.40. ஊர் முழுவதும், கதவு எண் 17 நீங்கலாக.’ ஆணையர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். ஏரி அடங்கியது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வீடு மட்டும் ஆடுகிறது. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் சட்டைகூட அசைவதில்லை. பழைய பம்புக் குழாய்களால் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பாத்திரங்களைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். அவர் வாசற்படி தாண்டுவதில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு ஆணையரும், “இந்த ஒண்ணு மட்டும் ஏம்மா நிலுவையில இருக்கு?” என்று கேட்பார். “இருக்கட்டும் சார்,” என்பாள். சாயங்காலம் வீடு திரும்பி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவாள். அரை டம்ளருக்கு மேல் டீ ஊற்றுவதில்லை. அவர் சிந்தாமல் குடிக்கப் பழகிவிட்டார்.