ஆர்விட் வீட்டுச் சுவரில் ஒரு காலி ஆணி

பக்கத்து வீட்டு ஆர்விட்டுக்கு நாலு வருஷமாக ஒரு கள்ளத் தொடர்பு. ஊருக்கே தெரியும். அவன் மனைவி லவோனுக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் போன் 'டிங்' என்று அடிக்கும். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்ப்பான், சிரிப்பான், பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பான். இதெல்லாம் லவோன் வேலியோரம் நின்று என்னிடம் சொன்னதுதான். நானாகப் போய் எதையும் விசாரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போனில் வருவது ஒரு கலைமானின் படம். பதினொரு முனைக் கொம்பு, பால் கேன் பருமனுக்குக் கழுத்து. மேட்டுக் காட்டில் ஆர்விட் ஆறு கேமராக்களை மரத்துக்கு மரம் கட்டி வைத்திருக்கிறான். எது எதிரே வந்தாலும் அவை படம் பிடித்துப் போனுக்கு அனுப்பிவிடும். நாலு வருஷத்தில் நூற்று எண்பது படம். அத்தனையும் கறுப்பு வெள்ளை, அத்தனையும் நடுராத்திரி. பகல் வெளிச்சத்தில் அந்த மானின் வாலைக்கூட யாரும் பார்த்ததில்லை.

விஸ்கான்சினில் எங்கள் பக்கம் பெரிய கொம்புள்ள மானுக்குப் பெயர் வைக்காமல் யாரும் வேட்டைக்குப் போவதில்லை. இதற்கு ஆர்விட் வைத்த பெயர் வெண்டெல். பள்ளிக்கூட நாட்களில் லவோனைப் பார்க்க வந்துகொண்டிருந்த பையனின் பெயர் அது. இப்போது அந்த வெண்டெல் வழுக்கைத் தலையோடு அரிசோனாவில் கோல்ஃப் ஆடுகிறார்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையா உனக்கு?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவனும் ராத்திரிதான் வருவான், பெர்னி. பின்பக்கமாத்தான் வருவான். விடியறதுக்குள்ள போயிடுவான்" என்றான் ஆர்விட்.

லவோன் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ரெண்டு பேருமே பார்க்க லட்சணமா வேற இருப்பாங்க" என்றாள்.

இதில் சிக்கல் என்னவென்றால், பகல் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் சுடலாம் என்பது சட்டம். எத்தனை மணி எத்தனை நிமிஷம் வரை என்று நாள்வாரியாக அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். ஆர்விட்டுக்குப் பகல் ஷிப்ட், வெண்டெலுக்கு ராத்திரி ஷிப்ட். இப்படி வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டிகூட ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

லவோனின் பிரச்சினை வேறு. வரவேற்பறையில் குளிர்காயும் அடுப்புமேடைக்கு மேலே, வீட்டிலேயே நல்ல சுவரில், ஆர்விட் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தான். வெண்டெலின் தலையைப் பாடம் செய்து மாட்டுவதற்கு. நாலு வருஷமாக ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. லவோனோ துண்டுத் துணிகளைச் சேர்த்து நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு போர்வை தைத்து, மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசாக நீல ரிப்பன் வாங்கியவள். அந்தப் போர்வை அலமாரியில் அந்துருண்டையோடு கிடந்தது. போன அக்டோபரில் அவள் ஒரே போடாகப் போட்டாள்.

"இந்த சீசனோட கடைசி ஞாயித்துக்கிழமை, சூரியன் விழறதுக்குள்ள வெண்டெல் வரணும். வரலேன்னா சுவர் எனக்கு. அப்புறம் அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு பேச்சே கிடையாது."

ஆர்விட் கையடித்துக் கொடுத்தான். நான் சாட்சி. தற்செயலாக ஒரு கப் சர்க்கரை கடன் வாங்கப் போயிருந்தேன்.

துப்பாக்கி சீசன் எங்களுக்கு ஒன்பதே நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஆர்விட் துறவியாகிவிட்டான். மானுக்கு மூக்கு கூர்மையாம். வாசனையில்லாத சோப்பு, காபி கிடையாது, பன்றிக்கறி வறுவல் கிடையாது. சமையல் வாடை படக்கூடாதென்று பின்கூடத்தில் படுத்தான். உடுப்புகளைச் சமையல் சோடாவில் அலசிக் கொடியில் போட்டான். சீசன் தொடங்கியதும் காலை நாலரைக்கு வேட்டைக்காரர்களுக்கான ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு மைல் நடந்து, மேட்டுக் காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்துவிடுவான். இருட்டிய பிறகு விறைத்த விரல்களோடு திரும்புவான்.

லவோனின் தம்பி டுவெய்ன் முதல் நாள் காலை ஏழு மணிக்கே, தொண்டையில் டோனட் இறங்குவதற்குள், ஒரு மானைச் சுட்டு முடித்துவிட்டான். மிச்ச எட்டு நாளும் மச்சானைக் கிண்டல் செய்வதே அவனுக்கு வேலை.

"மச்சான், வெண்டெலுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுப் பாரேன். பகல்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் குடுப்பான்!"

புதன்கிழமை காலை. நான் அடுப்படி ஜன்னலருகே பைனாகுலரோடு நின்றிருந்தேன். பறவைகள் பார்ப்பதற்காக வாங்கிய பைனாகுலர். பறவைகள் ஆர்விட் வீட்டுப் பக்கமாக உட்கார்ந்தால் நான் என்ன செய்ய முடியும்? எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே, அவன் எல்லைக்குள், துருப்பிடித்த அறுவடை இயந்திரம் ஒன்று பதினைந்து வருஷமாக நிற்கிறது. சுற்றிலும் இடுப்பளவு புல், பக்கத்தில் ஒரு ஆப்பிள் மரம். "அதை எடுத்துத் தொலை" என்று லவோன் பதினைந்து வருஷமாகச் சொல்கிறாள். "ரிப்பேர் பண்ணப் போறேன்" என்று அவன் பதினைந்து வருஷமாகச் சொல்கிறான்.

அந்தப் புல்லுக்குள் ஒரு கிளை அசைந்தது. காற்றே இல்லை. கூர்ந்து பார்த்தேன். கிளை காதை ஆட்டியது.

பதினொரு முனை. இரண்டு தடவை எண்ணினேன்.

காடு முழுக்க ஆரஞ்சு அங்கிகள் அலைகிற ஒன்பது நாளில், துப்பாக்கியோடு யாருமே கால் வைக்காத ஒரே இடம் ஆர்விட்டின் கொல்லைதான். வெண்டெல் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஆர்விட் நாலரைக்குக் கிளம்புவான், இவன் ஐந்துக்கு வந்து படுப்பான். ஆர்விட் இருட்டில் திரும்புகிற நேரம், இவன் எழுந்து மேட்டுக் காட்டுக்குப் போய்ப் படத்துக்கு நிற்பான். வழியில் இருவரும் வணக்கம்கூடச் சொல்லியிருக்கலாம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கொல்லைப் பக்கம் போகாமல் தெருவழியாகச் சுற்றி, லவோனிடம் ஓடினேன். அவள் குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்பதடி தூரம். திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பெர்னி, உனக்குப் புண்ணியமாப் போகும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத."

"நாலு நாளா! என்னையா கேக்கற?"

"ரூபார்ப் பை பலகாரம் சுட்டுத் தரேன். ரெண்டு."

நாலு நாள் நான் பட்ட பாட்டை யாரும் எழுத முடியாது. தபால்காரரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வியாழக்கிழமை ராத்திரி நன்றிநாள் வான்கோழி விருந்தில் ஆர்விட் என் எதிரில் வெறும் ரொட்டியோடு உட்கார்ந்து, "அவன் எங்கதான் பகல் பூரா படுத்திருப்பான்?" என்று வருத்தத்தோடு கேட்டபோது, வெந்த உருளைக்கிழங்கு ஒன்றை முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டேன். நாக்கு பொத்துவிட்டது. லவோன் எனக்குக் கூடுதலாகக் குழம்பு ஊற்றினாள்.

கடைசி ஞாயிறு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்விட் பரணிலிருந்து இறங்கித் திரும்பி வந்தான். ஒருநாளும் அப்படி வந்தவனில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எட்டு நாள் தும்மலை அடக்கியதில் காது வேறு அடைத்துப் போயிருந்தது. டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த டுவெய்ன்கூட அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தானாம். ஆர்விட் பூட்ஸைக் கழற்றினான். மேஜை டிராயரைத் திறந்து சுத்தியலை எடுத்தான்.

"போர்வையைக் கொண்டா, லவோன். நானே மாட்டித் தரேன். ஒரு ஆணி பத்தாது, மூணு அடிக்கணும்."

அவள் அலமாரி வரைக்கும் போனாளாம். போர்வையைக் கையில் எடுத்தும்விட்டாளாம். நாலு வருஷம் காத்திருந்த சுவர், இன்னும் மூன்று மணி நேரம் போனால் அவளுடையது. அவனோ ஒரு வார்த்தை முணுமுணுக்காமல், போர்வை கோணாமல் தொங்க வேண்டுமென்று அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அடச்சே! நீ ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்ல" என்று போர்வையைச் சோபாவில் எறிந்தாள். "துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் குளிக்கிற ரூமுக்கு வா. பூட்ஸ் போடாத. தும்மாத."

அந்த ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. குளியல் தொட்டிக்குள் நின்றால்தான் எட்டும். ஆர்விட் தொட்டிக்குள் இறங்கினான், பார்த்தான். பிறகு தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

"லவோனு..."

"தெரியும்."

"என்னோட கொல்லையில..."

"தெரியும்யா. எந்திரி!"

எழுந்தான். ஜன்னலை விரல் விரலாகத் தூக்கினான். துப்பாக்கியைத் தோளில் வைத்து, அதன் தொலைநோக்கி வழியே குறி பார்த்தான். மானின் தோள் தெரிந்தது. அதற்கு நேர் பின்னால் என் அடுப்படி ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில், தலை நிறைய முடி சுருட்டுகிற பிளாஸ்டிக் குழல்களோடு, பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு நான் தெரிந்தேன்.

துப்பாக்கி சட்டென்று இறங்கியது. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பதுதான் எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். ஆர்விட் கையை ஆட்டினான். என்ன மரியாதை என்று நினைத்து நானும் ஆட்டினேன். இரண்டு கையாலும் ஆட்டினான். நானும் இரண்டு கையாலும் ஆட்டினேன்.

போன் அடித்தது. லவோன்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பெர்னி, நகரு!" என்றது ஆர்விட்டின் கிசுகிசுப்பு.

"நகர்ந்தா சுடுவியா?"

"இல்ல. வீடு அங்கதானே இருக்கும்."

"அப்ப நான் ஏன் நகரணும்?"

வெண்டெல் எழுந்து காட்டுப் பக்கமாகப் பத்தடி வைத்தால் போதும், பின்னால் வெறும் மண்மேடு, தாராளமாகச் சுடலாம். சட்டப்படி அன்றைக்கு நாலு ஐம்பத்தைந்து வரை நேரம். ஆர்விட் தொட்டிக்குள்ளேயே துப்பாக்கியோடு நின்றான். லவோன் கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்தாள். டுவெய்ன் பந்தாட்டத்தை விட்டுவிட்டு வந்து கதவில் சாய்ந்தான். நான் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். போனை யாரும் வைக்கவில்லை.

மூன்று மணிக்கு வெண்டெல் கொட்டாவி விட்டான்.

"இங்கேருந்து பல்லெல்லாம் தெரியுது" என்றேன்.

"சொல்லு, சொல்லு. அந்தப் பக்கக் கொம்பு எப்படி இருக்கு?" ஆர்விட்டின் குரலில் ஜலதோஷமே இல்லை.

"அடியில ஒரு குட்டி முனை இருக்கு. பன்னிரண்டு."

"பன்னிரண்டா! கேமராவுல அது விழவே இல்லையே!" அவன் குரல் உடைந்தது. பன்னிரண்டாவது பேரப்பிள்ளை பிறந்ததுபோல.

மூன்றரைக்கு வெண்டெல் தலையை நீட்டி, படுத்தபடியே ஒரு ஆப்பிளைத் தின்றான். நாலு மணிக்கு யாருடைய டிரக்கோ சத்தமாகப் போனது, காதைக்கூட அசைக்கவில்லை. "நான் இருமுனா ஒரு மைல் ஓடுவான்னு நாலு வருஷமா நெனச்சேன்!" என்று ஆர்விட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். லவோன் சிரித்தாள். தொட்டி அதிர்ந்தது. டுவெய்ன் உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டு பாலாடைக்கட்டி வறுவல் எடுத்து வந்தான். தின்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்பது நாளில் ஆர்விட் தின்ற முதல் உருப்படியான தீனி அது. நடுவில் லவோன் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தன் போனில் ஒரு படம் எடுத்தாள்.

நாலு ஐம்பது. நாலு ஐம்பத்து மூன்று. ஆர்விட்டின் மூச்சு போனில் இரைந்தது. நாலு ஐம்பத்தைந்து.

நாலு ஐம்பத்தாறுக்கு வெண்டெல் எழுந்தான். முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தான். காட்டுப் பக்கமாகப் பத்தடி நடந்து, மண்மேட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"மச்சான், சுடு!" என்றான் டுவெய்ன். "ஒரு நிமிஷம்தானே! யாருக்குத் தெரியப்போகுது?"

"பெர்னிக்குத் தெரியும்" என்றான் ஆர்விட்.

எல்லோரும் போனைப் பார்த்திருக்க வேண்டும்.

"பெர்னிக்குத் தெரிஞ்சா மாநிலத்துக்கே தெரியும்" என்று லவோன் சொன்னாள்.

எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுக்கிற சத்தம் கிளிக், கிளிக் என்று கேட்டது. வெண்டெல் வேலிக்கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். அப்போதுதான் ஆர்விட் தும்மினான். ஒன்பது நாள் தும்மல். தெருக்கோடி நாயெல்லாம் குரைத்தது.

பேச்சு பேச்சுதான்; திங்கட்கிழமையே போர்வை சுவரேறியது. ஆர்விட் மூன்று ஆணி அடித்தான், கொஞ்சமும் கோணவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று நான் ரூபார்ப் பை வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது போர்வை எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது. அடுப்புமேடைக்கு மேலே, பழைய ஆணியில், பெரிய சட்டம் போட்ட வண்ணப் படம். லவோன் தன் கையால் மாட்டியது. பொன்னிறப் புல், துருப்பிடித்த இயந்திரம், நடுவில் பகல் வெளிச்சத்தில் வெண்டெல். இப்போது அந்த இயந்திரத்தை யாராவது எடுக்கச் சொன்னால் லவோன் சண்டைக்கு வருகிறாள்.

படத்தில் கொம்புக்குச் சரியாக மேலே என் ஜன்னலும், குழல்களும், பைனாகுலரும் தெளிவாக விழுந்திருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கொம்பை எண்ணுகிறார்கள். அப்புறம், "பின்னாடி இருக்கறது என்னது?" என்கிறார்கள்.

"அது பெர்னி" என்கிறான் ஆர்விட். "அவளைப் படம் பிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. பகல் பூரா அங்கேயேதான் நிப்பா."