இன்னொரு ஆலங்கரையான்

அந்தப் பெண் காயப்போட்டிருந்த மரவள்ளிக்கிழங்கு வற்றலின் மேல் சைக்கிளை ஏற்றிவிட்டேன். சுற்றிலும் ரப்பர் மரம். என் சக்கரத்தில் மட்டும் டயருக்குப் பதில் கயிறு. அது அவிழ்ந்து சிக்கியது. பிரேக் எப்போதோ போயிருந்தது. பாய் கிழிந்தது, வற்றல் சேற்றில் கிடந்தது, வற்றலின் மேல் நான் கிடந்தேன்.

“கண்ணு எங்கண்ணே இருக்கு?” லயத்து வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

“கண்ணு இருக்கு தங்கச்சி. பிரேக்குதான் இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. சப்பான்காரன் காலத்தில் சோறு என்றால் அந்த வற்றல்தான். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவினேன். மங்கம்மா என்று பேர் சொன்னாள். வாளியை என் பக்கம் தள்ளிவிட்டாள், அவ்வளவுதான்.

நான் ரஹாங்கிலிருந்து சுவாவுக்கு மிதித்து வந்தது ஒரு பேரைத் தேடி. அப்பா ஆலங்கரை என்ற ஊரிலிருந்து கப்பலேறியவர். தோட்டத்தில் எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எல்லாருமே ஆலங்கரையான்தான். சொந்தப் பேர் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்துக்கு மட்டும்.

போன வாரம் சயாம் ரயில்பாதையிலிருந்து மாயாண்டி உயிரோடு திரும்பினான். “நெகிரி பக்கத்து ஆலங்கரையான் ஒருத்தன் காலராவுல போயிட்டானாம். நான் மொகத்தப் பாக்கலண்ணே” என்றான். ரஹாங்கும் நெகிரிதான், சுவாவும் நெகிரிதான். என் தம்பி சன்னாசியையும் அந்தப் பாதை போடச் சப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போய் ஒரு வருடமாகிறது. தம்பி பெண்சாதி செல்லம் அழவில்லை. தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நெசமா அவருதானான்னு கேட்டுட்டு வாங்க மாமா” என்றாள். அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

சுவா பக்கம் ஆலங்கரையான் காடு என்று ஒரு மேடு இருப்பதாக எங்கள் கங்காணி சொன்னார். காட்டுக்குப் பேர் இருந்தால் அதை வெட்டியவன் ஒருவன் இருந்திருப்பான். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கும். அதில் ஒருவனை லாரி ஏற்றியிருக்கலாம். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்தில்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வழியில் தோட்டம் தோட்டமாக நிறுத்தி விசாரித்தேன். எல்லாரும் ஒரே பதில்: “இருக்கலாம்லா.”

வற்றலைக் கழுவி முடித்ததும் அந்த மேட்டைப் பற்றிக் கேட்டேன்.

“தோ, பின்னாலதான். கம்போங்கு மலாய்க்காரங்களும் அந்த மேட்ட புக்கிட் ஆலங்கரைன்னுதான் சொல்லுவாங்க.”

“யாரு வெட்டுனது?”

“எங்கப்பா. வெட்டுனது அவரு, நெலம் தொரைக்கு. பேருதான் அவருக்கு மிச்சம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல். “அப்ப நீங்களும் ஆலங்கரையான் வீடா? ஒங்க வூட்டு ஆம்பளைங்க யாராச்சும் சயாமுக்கு...”

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. செல்லம் கழற்ற வேண்டியதை இவளைக் கழற்றச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். வாய் பாதியில் நின்றது. வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கழுவிய வற்றலையே மறுபடி கழுவினேன்.

“யாருண்ணே போனது?”

“தம்பி.” மாயாண்டி சொன்னதைச் சொன்னேன். “அது வேற ஆலங்கரையானா இருக்கலாம்னு...”

மங்கம்மா என் எதிரே குந்தினாள்.

“எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டும் பொண்ணுண்ணே. அவருக்குக் கூடப்பொறந்தவங்களும் கெடையாது. அவரும் சப்பான்காரன் வரதுக்கு முன்னாலயே போயிட்டாரு. எங்க வூட்டுக்காரரு உள்ள தூங்குறாரு, அவர யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. இங்கேருந்து அந்தப் பேர்ல ஒருத்தரும் லாரி ஏறல. செத்தது ஒங்க தம்பிதான்.”