சிவப்புப் பட்டிக்கு உள்ளே

லண்டனுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் மயூரா புல்லில் கால் வைக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் மிச்சம் கொமன் என்ற பெரிய புல்வெளியில் குருவிக் கணக்கெடுக்கத் தொண்டராகச் சேர்ந்தாள் என்றால், வானம்பாடியின் பாட்டுக்கு அவ்வளவு வல்லமை இருந்தது. பற்றைவெளியில் எது எங்கே பாடுகிறது, எது குஞ்சுக்கு இரை கொண்டு போகிறது என்று விடியப் போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது ஒரே சட்டம். அவளுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

வன்னியில் பிறந்தவள். சிவப்புப் பட்டி கட்டிய தடிகளைக் கண்டால் உள்ளே மிதிவெடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள். கூடப் படித்த கௌசி குறுக்குவழியால் போய் ஒற்றைக் காலோடு திரும்பியதைக் கண்ணால் கண்டவள். இங்கேயும் வானம்பாடி தரையில் கூடு வைத்த இடத்தைச் சுற்றி அதே தடி, அதே சிவப்புப் பட்டி. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் பாதையின் மறுகரைக்கு ஒதுங்கிவிடுவாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இது மிச்சம் அப்பா, முல்லைத்தீவில்லை" என்று சிரிப்பான் கணவன் பிரதாபன். சுவிஸில் வளர்ந்தவன். நிலம் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

அன்று அவனும் கூட வந்திருந்தான். வானம்பாடி பாடிக்கொண்டு எழும்பியது. மயூரா பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி பாட்டின் பின்னால் நடந்தாள். பாட்டு நின்றதும் பைனாகுலரை இறக்கினாள். சிவப்புப் பட்டி அவளுக்குப் பின்னால் இருந்தது. பாதையோரத்தில் எந்தக் குரங்குப்பயலோ பட்டியை அறுத்துவிட்டிருக்க, அவள் தன்னை அறியாமல் உள்ளே வந்துவிட்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள். இங்கே இருப்பது குருவிக்கூடு என்று அறிவுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

"என்ன நிக்கிறீர்? வாருமன்!" பிரதாபன் பாதையிலிருந்து கூப்பிட்டான்.

"ஏலாது. கால் எடுக்க ஏலாமல் கிடக்கு."

தலைக்கு மேலே தாய்க்குருவி, அலகில் புழுவோடு, சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஆள் நின்றால் தாய் இறங்காது, காலைக் குளிரில் குஞ்சுகள் விறைத்துச் செத்துப்போகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நின்றாலும் பாவம், நடந்தாலும் பயம்.

"சுத்தாமல் நேரா என்னட்டை வாரும், நாலு எட்டுத்தானே. இல்லாட்டி நான் வந்து தூக்கிறன்." அவன் புல்லை நோக்கிக் காலைத் தூக்கினான்.

"ஐயோ, வராதேங்கோ! காலை வையாதேங்கோ!"

அவள் அலறிய அலறலில் அவன் தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்தான்.

அலறிய பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பாடம் நினைவுக்கு வந்தது. நில். கத்து. வந்த அடியிலேயே திரும்பிப் போ. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பனி நனைத்த புல்லில் அவள் அடிகள் வளைந்து வளைந்து கறுப்பாகத் தெரிந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பனி காய்ந்தால் அடிகளும் அழிந்துவிடும்.

கந்தசாமியைக் கும்பிட்டுக்கொண்டு முதல் அடியில் பெருவிரலை வைத்தாள். பிறகு குதிக்காலை. பல் கிட்டித்தது, வியர்வை கண்ணுக்குள் ஓடியது. அடிமேல் அடி வைத்து, ஊரெல்லாம் சுற்றி வருவதுபோல், ஒருவழியாகப் பாதைக்கு வந்து சேர்ந்தாள்.

"நேரா வந்திருந்தால் எப்பவோ வந்திருப்பீர்" என்றான் பிரதாபன்.

அவள் அவனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குந்தவைத்தாள். தாய்க்குருவி சற்றுத் தள்ளி இறங்கியது. புல்லுக்குள்ளால் குடுகுடுவென்று நடந்து வந்தது. பிரதாபன் கால் வைக்கப்போன அதே புல்முடிச்சில் நின்று குனிந்தது. உள்ளேயிருந்து சின்னச் சின்ன மஞ்சள் வாய்கள் ஆவென்று திறந்தன.

பிரதாபன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்தான். எழும்பிப் போகும்போது அவள் வைத்த அடியிலேயே தன் அடியையும் வைத்தான்.