இரண்டும் இடக்கை

சட்டைக்கு ஒரு கை இடது, ஒரு கை வலது. தையற்கடை வைத்திருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் போன வாரம் துணியை ஒற்றையாக விரித்து வெட்டியவள், அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து இரண்டையும் இடக்கையாக வெட்டித் தொலைத்தாள். துணி, வாடிக்கையாகத் தைக்கக் கொடுக்கும் டீச்சரம்மாவுடையது. அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லம்மா, வேற துணி தரேன், நீங்களே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

திட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். 'இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்ச? கத்தரிக்கோல் பிடிக்கவே லாயக்கில்ல' என்று, அவள் உதடும் முணுமுணுக்க, மனசு ஓதிக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தால், அது அதற்கு மேல் கத்தியது. அன்றிலிருந்து அவள் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. இன்று புதுத் துணியும் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடலாமா என்று பார்த்தாள். அனுப்பினால் இனி எப்போதும் துணி வெட்டப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் கருகல் வாடை அடித்தது. கூடவே வேலை பார்க்கும் நாத்தனார், இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளுத்து நின்றாள்.

"அண்ணி, பாவாடையப் பொசுக்கிட்டேன்."

"கை சுட்டுச்சா? காட்டு. துணிதானே, ஓரத்துல ஒட்டுப் போட்டுக்கலாம். நீ முதல்ல உக்காந்து தண்ணி குடி."

நாத்தனார் தண்ணீரைக் குடித்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்தச் சட்டையத் தப்பா வெட்டுனது நானா இருந்தாலும் இப்படித்தான சொல்லியிருப்பீங்க?"

"பின்ன?"

"உங்கள மட்டும் ஏன் அண்ணி அந்தத் திட்டு திட்டிக்கிறீங்க? நீங்க முணுமுணுக்கிறது எனக்குக் கேக்காதா?"

அவளுக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று அழுது முடித்தாள்.

பிறகு ரேடியோவை அணைத்தாள். மனசு பழைய பாட்டை ஆரம்பித்தது. புலம்பாமல் நகராத வாடிக்கையாளர் மாதிரி, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். துணியை விரித்துத் தடவினாள். குளிர்ச்சியாக இருந்தது. நெஞ்சுக்குள் கனமாக இருந்தது பயம்தான், வேறொன்றுமில்லை. ஒரு கை வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு மறு கை வரைந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். வழக்கமான வசவு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"பயமா இருக்கா? இருக்கட்டும். மெதுவா வெட்டலாம்," என்று சொல்லிக்கொண்டே வெட்டத் தொடங்கினாள்.

"யாருகிட்ட அண்ணி பேசுறீங்க?"

"இந்தக் கடையில துணி வெட்டுறவகிட்ட. பாவம், ஒரு வாரமா யாரும் அவகிட்ட நல்லபடியா பேசவே இல்ல."