கணுக்கால் தண்ணீர்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, பட்டாபிராம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, நாய்களை வாக்கிங் கூட்டிப்போகும் கஜபதியைச் சுற்றி மட்டும் இருபதடி அகலத்துக்குப் பாலைவனம் இருந்தது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது. அவன் கால் வைக்க வைக்கத் தண்ணீர் ஒதுங்கியது. தரை வெளுத்து, வெடித்து, பொடிமணலாகிப் பறந்தது. அவன் கடந்ததும் தண்ணீர் பழையபடி மூடிக்கொண்டது. பால் பாக்கெட் வராததைப் பற்றிப் பேசிய அளவுகூட ஊர் இதைப் பேசவில்லை.

நாய் வளர்ப்பவர்கள்தான் உடனே அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரில் நின்று ஒன்றுக்குப் போகமாட்டோம் என்று வீட்டு நாய்கள் முந்தைய நாள் மாலையிலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக நான்கு நாய்களோடு போகிறவன் அன்று பதினொன்றோடு கிளம்பினான். ராணுவ சைடிங் ரயில் பாதைக்குப் பின்னால், மனைக்கல் நட்ட பொட்டலுக்குப் போனான். வாடைக்காற்று பனியனைத் தாண்டிக் குத்தியது. நாய்கள் மணலில் புரண்டு புரண்டு எழுந்தன. டீக்கடை அன்வர் பாஷா குரங்குக் குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு கத்தினார்: “இன்னா மாமே, ஒட்டகம் ஒண்ணுதான் கொறச்சல்! புச்சு ஷூல ஒரு சொட்டு தண்ணி படல. குட்து வச்சவன்யா நீ!”

கஜபதி சிரிக்கவில்லை. ஷூ வெள்ளை வெளேரென்று இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது.

முந்தைய நாள் மாலை நான்கு மணி. ராஜகுமாரி சென்ட்ரலில் மாட்டிக்கொண்டிருந்தாள், ரயில் ஓடவில்லை. தனியாக வாழ்பவள். வீட்டு போர்டிகோவில் சங்கிலியில் ஜாங்கிரி, அவள் ஏழு வருடமாக வளர்த்த பழுப்பு நாய். கஜபதிக்குப் போன் செய்தாள். “ஓடிப்போய் அவுத்து வுட்டு மாடிக்கு ஏத்திடு கஜபதி. அது போதும்.” பாஷா கடை வாசலில் நின்றபடி அவன் அவள் தெருவைப் பார்த்தான். கணுக்கால் அளவுதான் தண்ணீர். காலில் அன்று காலை வாங்கிய ஷூ. “ஆள் உசரம் தண்ணி கீதுக்கா, உள்ள போவ முடில,” என்றான். மழை விடட்டும், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று இன்னொரு டீ சொன்னான். மழை விடவில்லை. ஆறு மணிக்கு ஏரித் தண்ணீர் உள்ளே வந்தது. சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

விடிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தான். சங்கிலி முழு நீளத்துக்கும் விறைத்துக் கிடந்தது. கேட்டைத் திறந்த அவன் காலிலிருந்துதான் தண்ணீர் முதன்முதலாக விலகியது.

பதினோரு மணிக்கு ராஜகுமாரி பொட்டலுக்கு வந்தாள். தோளில் மண்வெட்டி, மார்போடு அணைத்த போர்வைச் சுருட்டல். புதைக்கக் காய்ந்த தரை ஊரில் வேறெங்கும் இல்லை.

“கொஞ்ச நேரம் அசையாம நில்லு கஜபதி.”

நின்றான். பதினொரு நாய்களும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்தன. குழி தோண்டும் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, மண்வெட்டியை வாங்க நான்கடி முன்னே போனான். அவனுக்குப் பின்னாலிருந்த மண் குவியலைத் தண்ணீர் வந்து தொட்டது. திரும்பி வந்து நின்றுகொண்டான். நிற்பது ஒன்றுதான் அவனால் முடிந்த உதவி. முக்கால் மணி நேரம் நின்றான்.

கடைசி மண்ணைத் தள்ளிவிட்டு அவள் முகத்தைத் துடைத்தாள். “நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? ஆள் உசரத் தண்ணில நீ மட்டும் இன்னா பண்ணுவே? உன்மேல ஒரு தப்பும் இல்ல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“ஆள் உசரம் இல்லக்கா. கணுக்கால் அளவுதான். புது ஷூ...”

முடிக்கவில்லை. நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் உள்ளே வந்தது. ஷூவை நனைத்தது, கணுக்காலுக்கு ஏறியது, அங்கேயே நின்றுகொண்டது. ராஜகுமாரி குனிந்து அவன் காலையே பார்த்தாள்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்க்கா.”

மண்வெட்டியை அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் ஊரில் வெள்ளம் வடிந்தது. கஜபதியின் காலில் வடியவில்லை. பங்குனியிலும் அக்னி நட்சத்திரத்திலும், அவன் போகுமிடமெல்லாம் கணுக்கால் தண்ணீர் கூடவே போனது. ஷூ மக்கிப் போய், வெறுங்காலோடு நடந்தான். பஸ்ஸில் கண்டக்டர்கள் அவனைப் படிக்கட்டிலேயே நிற்கச் சொன்னார்கள். பாஷா கடைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னான். இரண்டு வீடுகள் நாயை அனுப்புவதை நிறுத்தின. மற்றவர்கள் வெயில் காலத்தில் நாய்க்குக் குடிக்கத் தண்ணீர் தேட வேண்டாமே என்று அனுப்பினார்கள்.

மூன்று வருடம் ராஜகுமாரி அவனோடு பேசவில்லை. போன மே மாதம், தெருவில் போர்வெல் எல்லாம் வற்றிய ஒரு மதியம், அவன் அவள் வீட்டைத் தாண்டும்போது கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் கறுப்புக் குட்டி ஒன்று, நாக்கு தொங்க. அதை அவன் காலடியில் விட்டாள். நகரப் போனவனை உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

அசையாமல் நின்றான். குட்டி வயிறு முட்டக் குடித்தது. தண்ணீர் கணுக்காலிலேயே இருந்தது.